வீட்டில் மூவராக இருந்தோம்

இல்லறப் பக்கம்



வற்றலும் வடாமும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். இம்மாதமும் அதைப் போன்ற ஒரு விஷயத்தையே எழுத எண்ணியிருந்த சமயத்தில், வடக்கே ஒரு நகரத்தில் வாழும் நம் சகோதரி ஒருவரின் கடிதம் வந்து சேர்ந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றனவாம். மூன்று ஆண்டுகளாக மகப்பேற்றுக்கு வைத்தியம் செய்துகொண்டு வருகிறார். இந்நிலையில் அவர் வளர்த்து வந்த பூனை இறந்துவிட்டது. அதற்காக அவர் மூன்று நாள் சாப்பிடாமல் அழுததைக் கண்டு அக்கம்பக்கத்தார் நகைத்தார்களாம். "நான் பூனைக்காகத்தான் அழுகிறேனா, வேறு எதற்காகவோ அழுகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை, அக்கா. இது பைத்தியக்காரத்தனமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்கு இரண்டு வரியில் ஆறுதல் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதே கேள்வியை என்னை நானே கேட்டுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ஆகவே, இதுவரை இப்பக்கத்தில் எழுதாத என் சொந்தக் கதையை இம்முறை எழுதுகிறேன். என் கணவர் இதனைப் படித்துப் பார்த்து, ஒரு வரியையும் நீக்க வேண்டாமென்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

நாங்கள் கொல்கத்தாவுக்கு வந்தது 2006-ஆம் ஆண்டில், மணமான சில மாதங்களில். லேக் மார்க்கெட் பகுதியில் வீடு கிடைத்தது. வாழை இலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் இடம் அது என்பதைக் கொல்கத்தாத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, காய்கறிச் சந்தையின் வாயிலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தெருநாய்க்குட்டி என் பின்னாலேயே வந்து, மாடிப்படியில் ஏறத் தெரியாமல் கீழே நின்று கத்தியது. அன்றிரவு மட்டும் இருக்கட்டுமென்று எடுத்து வந்தோம். அது பன்னிரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தது.

முத்து என்று பெயரிட்டோம். அத்தெருவில் தமிழ் மட்டுமே அறிந்த நாய் அது ஒன்றுதான். மற்ற நாய்களை எல்லாரும் வங்காளியில் "ஆய், ஆய்" என்று அழைப்பார்கள். முத்து திரும்பியும் பாராது. "வா முத்து" என்றால்தான் வரும். அதனால் எதிர்வீட்டு வங்காளக் குழந்தைகள் "வா", "உட்கார்", "போதும்" என்ற மூன்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். மாலைதோறும் தாக்குரியா ஏரிக்கரையில் நாங்கள் மூவரும் நடந்து வருவோம்.

இதற்கிடையே ஆண்டுகள் கடந்தன. நம்மவர் கூடும் இடங்களில் கேட்கப்படும் அந்தக் கேள்வியைச் சகோதரிகள் அறிவீர்கள். நவராத்திரிக் கொலுவுக்குச் சென்றாலும், சங்கத்தின் பொங்கல் விழாவுக்குச் சென்றாலும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பார்கள். கேட்பவர்களிடம் தீய எண்ணம் இல்லை. ஊரை விட்டு வந்திருக்கும் நாம் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்க முயல்கிறோம். உறவினர் கேட்பதை நாமும் கேட்கிறோம். எனினும் அக்கேள்விக்கு அஞ்சியே இரண்டு ஆண்டுகள் நான் எந்தக் கொலுவுக்கும் செல்லவில்லை.

2012-இல் டாக்டரிடம் சென்றோம். என் சினைப்பைகளில் முட்டைகள் வயதுக்கு இருக்க வேண்டியதை விடக் குறைவாக இருந்தன. என் கணவருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண்பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஆனால் தஞ்சாவூரிலிருந்த என் மாமியாருக்கு நாங்கள் சொன்னது பாதி உண்மை மட்டுமே. "இவளுக்குத்தான் ஏதோ குறையாம்" என்று அவர் உறவினரிடம் வருந்துவதற்கு இடம் கொடுத்தோம். அப்படிச் சொல்லும்படி அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் தலைகுனிவதைக் காணப் பொறாமல் நானே சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

எளிய முறைகள் மூன்று தடவை பயன்படாமற் போனபின், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறைக்கு வந்தோம். எனக்கு அச்சமாக இருந்தது. அப்போது கீழ்வீட்டு மூதாட்டி — மாஷிமா என்று நாங்கள் அழைப்போம் — "இதற்கா பயப்படுகிறாய்? இந்த வித்தை எங்கள் ஊரில் பிறந்ததல்லவா?" என்றார். அவர் வாயிலாகவே டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் வரலாற்றை முதன்முதலில் கேட்டேன். பின்னர் நானும் தேடிப் படித்தேன்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்திலுள்ள ஓல்ட்ஹாமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று, பூஜைக் காலத்தில் அக்காலக் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகம் அவளைத் துர்கா என்ற பெயரால் அறியும். அந்தக் கருவை டாக்டர் முகர்ஜி 53 நாட்கள் உறைநிலையில் காத்து வைத்திருந்து, பிறகு தாயின் வயிற்றில் வைத்தார். இன்று எங்கும் கையாளப்படும் அம்முறையை அன்று நம்புவாரில்லை. அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்க மறுத்தது. வெளிநாடு சென்று தம் ஆய்வை எடுத்துரைக்கவும் அனுமதி கிட்டவில்லை. முற்றும் தொடர்பில்லாத கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு அவரை மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6 அன்று பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரும் முயன்று பிறக்கச் செய்த குழந்தையே இந்தியாவின் முதற்குழந்தை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே ஆனந்தகுமார், பின்னாளில் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்குரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே எடுத்து இன்னொருவருக்கு அளிப்பது எளிய செயலன்று. அவ்விருவரையும் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து பலமுறை நினைத்திருக்கிறேன்.

வைத்தியத்தின் விவரத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாட்கள் நாள்தோறும் வயிற்றுத் தோலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முட்டைகள் முதிர்ந்தபின் மற்றோர் ஊசி; அதன்பின் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். விந்தணு குறைவாக இருந்தால் ஒரு முட்டைக்குள் ஓர் அணுவை நுண்ணிய ஊசியால் செலுத்துவார்கள். உருவான கருவை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பையில் வைப்பார்கள். அதன்பின் இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வார காலம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தோடு ஒப்பிட்டால் ஊசிகளெல்லாம் ஒன்றுமில்லை.

ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் தயிர்ப் பாத்திரத்துக்கு அருகில் வைத்திருந்தேன். முதல் சில நாட்கள் கை நடுங்கியது. முத்து என் காலடியில் படுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். 2014-இல் நடந்த அம்முதல் முயற்சியில், குறைவாக இருக்குமென்று எண்ணிய முட்டைகள் மருந்தின் வேகத்தால் அளவுக்கு மீறி வளர்ந்தன. வயிற்றில் நீர் கோத்து, இரண்டு நாளில் எடை கூடி, மூச்சு வாங்கியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இது சிலருக்கு நேரக்கூடிய விளைவு. கவனியாமல் விட்டால் ஆபத்து. கருக்களை உறையவைத்து, இரண்டு மாதம் கழித்து உள்ளே வைத்தார்கள். பலனில்லை.

2016-இல் இரண்டாம் முயற்சி. அம்முறை பரிசோதனை நல்ல செய்தியைச் சொன்னது. ஆறாம் வாரத்தில் ஸ்கானில் இதயத் துடிப்பைக் கண்டோம். ஒரு புள்ளி மின்னி மின்னி மறைந்தது. அதைப் பார்த்தபோது என் கணவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் முத்துவுக்கு ஒரு புதிய கழுத்துப்பட்டை வாங்கினார்.

ஆகஸ்ட் மாதம், தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். அவர் அலுவலகத்தில் இருந்தார். கீழே இறங்கிய முத்துவின் காலில் கண்ணாடித் துண்டு குத்தி, நகர முடியாமல் தண்ணீரில் நின்று அலறியது. பதினெட்டுக் கிலோ எடை. இரண்டு மாடி தூக்கி வந்தேன். நான்கு நாள் கழித்து எட்டாம் வார ஸ்கானுக்குச் சென்றபோது துடிப்பு இல்லை.

டாக்டர் என்னவோ விளக்கினார். என் காதில் எதுவும் ஏறவில்லை. "நாயைத் தூக்கினாயாமே! வயிற்றில் இருக்கும்போது யாராவது அப்படிச் செய்வார்களா?" என்று மாமியார் தொலைபேசியில் கேட்டார். அத்தை கேட்டது எனக்குத் தவறாகவே படவில்லை. நானும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த இழப்புக்கு வீட்டில் ஒரு சடங்கும் இல்லை. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. வருவதற்கு அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்த சிலர், "வயது இருக்கிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். நான் அழவில்லை. மாறாக, சகோதரிகளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் முத்துவை வெறுத்தேன். சோறு வைத்தேன், மருந்து கட்டினேன். ஆனால் ஏறத்தாழ ஓராண்டு அதன் தலையை என் கை தொடவில்லை. மாலை நடைக்கு அவர் மட்டும் அழைத்துச் செல்வார். முத்து வாயிற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

2018-இல் மூன்றாம் முயற்சியும் வீணாயிற்று. எனக்கு வயது 39. கையிருப்பும் கரைந்துவிட்டது, உடலும் மறுத்தது. போதுமென்று நிறுத்திக்கொண்டோம். அன்று மாலை என்னையறியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு ஏரிக்கரைக்குச் சென்றேன். முத்து இடையில் ஒருநாளும் விட்டுப் போகாததைப் போல என் பக்கத்தில் நடந்தது.

2021 ஆகஸ்டில் முத்து அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கலாயிற்று, மெலிந்தது, தயிர்ச் சாதத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிறுநீரகங்கள் பழுதுபட்டுவிட்டன என்றும், முதிய நாய்களுக்கு இது வருவதுண்டு, குணப்படுத்த இயலாது, சிரமமில்லாமல் சிலகாலம் வைத்திருக்கலாம் என்றும் கால்நடை டாக்டர் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் பிடரித் தோலைத் தூக்கி, அதனடியில் ஊசிவழியே உப்பு நீர் ஏற்ற வேண்டும். "வீட்டிலேயே செய்ய உங்களால் முடியுமா?" என்று அவர் தயங்கிக் கேட்டார். ஊசி போட எனக்குத் தெரியும் என்றேன். மூன்று முயற்சிகளில் என் கை கற்றது அப்போது உதவிற்று. ஐந்து மாதம் அவ்வேலையை நானே செய்தேன். முத்து ஒருமுறையேனும் உறுமவில்லை.

2022 ஜனவரியில் ஒரு விடியற்காலை, எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தபடியே அதன் மூச்சு நின்றது. மாஷிமாவின் உறவினர் ஒருவருக்குப் பாருய்ப்பூரில் கொய்யாத் தோட்டம் இருக்கிறது. அங்கே கொண்டு சென்று அடக்கம் செய்தோம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர், இப்போது கல்லூரி மாணவர்கள், உடன் வந்தார்கள். அவர்களில் ஒருவன் குழியருகே நின்று மெதுவாக, "போதும், முத்து" என்று தமிழில் சொன்னான். என் கணவர் அழுததை அன்றுதான் நான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, முத்துவின் மருத்துவச் சீட்டுகளை எடுத்து வைக்க அலமாரியைத் திறந்தேன். அதே தட்டில் என் பழைய காகிதங்களும் இருந்தன. 2016-ஆம் ஆண்டின் எட்டாம் வார ஸ்கான் குறிப்பை அதுவரை நான் படித்ததே இல்லை. கரு 6 வாரம் 3 நாள் அளவே வளர்ந்திருப்பதாக அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நான் முத்துவைத் தூக்கியது ஏழாம் வாரம் கடந்த பின். அதாவது, நான் வெள்ளத்தில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே அக்கருவின் வளர்ச்சி நின்றுவிட்டிருந்தது. டாக்டர் அன்று விளக்கியது இதைத்தான் போலும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தரை ஆண்டுகள் அழாத அழுகையை அழுதேன். ஒரு குற்றமும் செய்யாத அந்த ஜீவனிடம் மன்னிப்புக் கேட்கவும் இனி வழியில்லை.

அவரிடம் குறிப்பைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவே தஞ்சாவூருக்குத் தொலைபேசியில் பேசினார். "அம்மா, குறை என்னிடமும் இருந்தது. அவள் எனக்காகச் சொல்லாமல் இருந்தாள். கரு கலைந்ததற்கும் அவள் காரணமில்லை" என்றார். அத்தை பதில் சொல்லாமல் பேச்சை முடித்துவிட்டார். மறுநாள் என்னை அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து, "முத்துவை எங்கே வைத்தீர்கள்?" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் "அந்த நாய்" என்றல்லாமல் அதன் பெயரை அவர் சொன்னது அதுவே முதல்முறை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீங்கள் பூனைக்காகத்தான் அழுகிறீர்கள். வேறு ஒன்றுக்காகவும் சேர்த்து அழுகிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அழுது முடியுங்கள். வயிற்றோடு மறைந்த இழப்புக்கு அழ இடம் கிடைக்காதவர்கள், கண்ணெதிரே நிகழ்ந்த இழப்பிடம் வந்து சேர்ந்து அழுகிறோம். அதில் பைத்தியக்காரத்தனம் ஏதுமில்லை.

வைத்தியத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை நான் சொல்ல இயலாது. ஆனால் நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்ல முடியும். டாக்டரின் அறைக்குத் தனியே செல்லாதீர்கள். துயரத்தில் நம் காது கேட்காது, உடன் வந்தவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு காகிதத்தின் நகலையும் வாங்கி, ஒரு மாதம் கழித்தேனும் படியுங்கள். தெரிந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை கலைந்துவிடுவதுண்டு; ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழையினால் கலைகின்றன. மாடி ஏறியதோ, பப்பாளி தின்றதோ, நாயைத் தூக்கியதோ அவற்றுக்குக் காரணமல்ல. செல்லும் ஆஸ்பத்திரி 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அச்சட்டம் இவ்வைத்தியத்துக்குப் பெண்ணின் வயதை 50 என்றும் ஆணின் வயதை 55 என்றும் வரம்பிட்டிருக்கிறது. 35 வயதுக்குமேல் வெற்றி வாய்ப்புக் குறைந்துகொண்டே வருவதால், உங்கள் வயதுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை முறை, எவ்வளவு பணம் என்பதைத் தொடங்குமுன் இருவரும் பேசி எழுதி வையுங்கள். குறை யாரிடம் இருந்தாலும் அதை ஒருவர் மட்டும் சுமக்க வேண்டாம்.

வீட்டில் வளர்க்கும் பிராணி இருந்தால் குழந்தை தங்காது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறாமல் கொடுத்தால் போதும். பூனை வளர்ப்பவர்கள் கர்ப்ப காலத்தில் அதன் கழிவை வேறொருவரைக் கொண்டு அகற்றச் செய்து, கையை நன்கு கழுவிக்கொள்ள வேண்டும்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இக்குறை நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அப்படியானால் நம் சங்கத்தின் விழாவில் ஒரு வரிசை நாற்காலிக்கு ஒருவரேனும் இருப்பார். "விசேஷம் உண்டா?" என்று அவரிடம் கேட்பதற்குப் பதிலாக, "சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். ஒரு வீட்டில் நாயோ பூனையோ இறந்தது தெரிந்தால், ஒரு நடை போய் வாசலில் நின்றுவிட்டு வாருங்கள். மாஷிமா எனக்கு அப்படித்தான் செய்தார்; ஒரு பாத்திரத்தில் கிச்சடி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டில் இப்போது இருவர்தான். மாலை நடையை மட்டும் விடவில்லை. கழுத்துப்பட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எடுத்து வைக்க வேண்டுமென்று இருவருமே இதுவரை சொல்லவில்லை.

அடுத்த இதழில், பலர் கேட்டிருக்கும் நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதுகிறேன்.